மரபுடையும் அதனை உடுப்போரும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதர் தம் முன்னோரிடமிருந்து பெறுவன பல. நிலம், வீடு, பெயர், மொழி, வழிபாடு, கடன் என்று அவை விரியும். இவற்றுள் நிலத்தையும் வீட்டையும் பற்றிச் சட்டம் விரிவாகப் பேசியுள்ளது. மொழியையும் வழிபாட்டையும் பற்றிச் சிந்தனையாளர் பேசியுள்ளனர். உடுத்த உடையைப் பற்றிய பேச்சு அருமையாகவே காணப்படுகிறது. ஆயினும் மரபுரிமை பற்றிய அறவியற் சிக்கலைத் தெளிவாகக் காட்டுவதற்கு உடை மிகப் பொருத்தமான பொருள் எனலாம். ஒருவர் உழுத நிலத்தை மற்றொருவரும் உழலாம். ஒருவர் வாழ்ந்த வீட்டில் மற்றொருவரும் வாழலாம். தைத்த உடையோ குறித்த ஒருவரின் உடலளவுக்கு அமைந்தது. அதனைப் பெறுபவரின் உடல் வேறு. எனவே, பெற்ற உடையை உள்ளவாறே வைத்திருந்தால் உடுக்க முடியாது. உடுக்க வேண்டுமாயின் உள்ளவாறே வைத்திருக்க முடியாது. காத்தல், பயன்படுத்தல் என்னும் இரு கடமைகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இந்நிலையே இக்கட்டுரையின் பொருளாகும்.

அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோவிற் பிரதேசத்து வினாயகபுரத்திலே வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்க்கலாம். தாயொருத்தி தன் கூறைச் சேலையையும் அதனோடு அணிந்த சட்டையையும் பல ஆண்டுகள் பெட்டியில் வைத்துக் காத்து, மகளின் பதிவுத் திருமணம் நெருங்கியபோது அவளிடம் கொடுக்கிறாள். சேலை மகளுக்குப் பொருந்துகிறது. சட்டை பொருந்தவில்லை, தோளும் கையும் இறுக்கமாக உள்ளன. பிரித்துத் தைக்கலாம் என்பது மகளின் கருத்து. அச்சட்டையைத் தைத்தவள் இன்று உயிரோடில்லாத அம்மம்மா. அவள் கையால் இட்ட தையலைப் பிரிப்பது தகாது என்பது தாயின் கருத்து. இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். இருவரும் அம்மம்மாவை மதிக்கின்றனர். ஆயினும் இருவர் சொல்வதும் ஒருங்கே நிறைவேற இயலாது. இவர்களுள் எவர் பக்கம் நியாயம் உள்ளது?

1. தைக்காத துணியும் தைத்த உடையும்

இவ்வெடுத்துக்காட்டில் முதற்கண் நோக்கத்தக்கது, சேலை பொருந்தியமையும் சட்டை பொருந்தாமையுமாகும். சேலை தைக்கப்படாத நீள்துணி. உடுப்பவர் பருத்தவராயின் கொய்யகத்தில் மடிப்புகள் குறையும். மெலிந்தவராயின் மடிப்புகள் கூடும். உயரத்துக்கேற்ப இடுப்பிற் செருகும் அளவு வேறுபடும். மாலையிற் களைந்து மடித்து வைத்ததும் அம்மாற்றங்கள் யாவும் மறைந்து, துணி தன் பழைய நிலையை அடைந்துவிடுகிறது. ஆண்கள் உடுக்கும் சாரமும் ஏறக்குறைய இத்தகையதே. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனையிலே முஸ்லிம் நெசவாளர் கைத்தறியில் நெய்து புகழ்பெற்ற சாரங்கள் இரு முனைகளும் இணைத்துத் தைக்கப்பட்டவையாயினும், இடுப்பளவு குறித்துத் தைக்கப்படுவனவல்ல. தந்தையின் சாரத்தை மகன் உடுக்கத் தையற்காரரின் உதவி தேவைப்படுவதில்லை.

எனவே, தைக்காத துணியில் மாற்றம் இல்லை என்பது பிழை. அதில் மாற்றம் நாள்தோறும் நிகழ்கிறது. ஆயின் அது துணியில் தங்குவதில்லை. தைத்த உடையில் அளவு பொருளின் உள்ளேயே நிலைபெற்றுவிடுகிறது. கத்தரிக்கோலும் ஊசியும் ஒரு தடவை தீர்மானித்ததைப் பின்வருபவர் ஏற்கவேண்டும், அல்லது பிரிக்கவேண்டும். மரபுகளுள்ளும் இவ்விருவகையைக் காணலாம். தாலாட்டு முதலாவது வகையைச் சார்ந்தது. பாடுபவள் தன் குரலுக்கும் தன் பிள்ளைக்கும் ஏற்ப அதனை மாற்றிப் பாடினாலும் அது தாலாட்டாகவே நிற்கும். எழுதப்பட்ட விதிகள் இரண்டாவது வகையைச் சார்ந்தன. அறவியற் சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது வகையிலேயே எழுகிறது.

2. ஸ்கொத்லாந்து தரும் சான்று

இவ்வேறுபாட்டை விளக்க ஸ்கொத்லாந்து மக்களின் கில்ட் என்னும் மடிப்பாடை நல்ல சான்றாகும். பலவண்ணக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்களை ஆக்கும் டார்ட்டன் என்னும் கம்பளித் துணியால் ஆனது அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டு மலைநாட்டவர் உடுத்த பேராடை தைக்கப்படாத நீள்துணியே. அதனை மடித்து இடுப்பில் வாரினாற் கட்டி, எஞ்சிய பகுதியைத் தோளின்மேல் இட்டனர். சேலையின் முந்தானையை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. பின்னர் 18ஆம் நூற்றாண்டில் அதன் கீழ்ப்பகுதி மட்டும் தனியாகப் பிரிந்து, மடிப்புகள் தைக்கப்பட்டு, இன்று காணப்படும் குற்றாடையாயிற்று. தோமஸ் ரோலின்சன் என்னும் ஆங்கிலேய இரும்பாலை உரிமையாளரே தம் தொழிலாளரின் வசதிக்காக இதனை உருவாக்கினார் என ஒரு கடிதம் 1785இல் அச்சில் வெளிவந்தது. வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983இல் வெளியான கட்டுரையில் இச்செய்தியை வற்புறுத்தினார். இதனை ஏற்காத ஆய்வாளரும் உளர். எவ்வாறாயினும், பண்டு தொட்டு மாறாது வந்ததாகக் கருதப்படும் ஆடை தானே ஒரு மாற்றத்தின் விளைவு என்பதில் ஐயமில்லை.

1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், மலைநாட்டு ஆடையைத் தடைசெய்யும் சட்டம் 1746இல் நிறைவேறியது. அது 1782 வரை நீடித்தது. அரசப்படையிற் சேர்ந்தவர்க்கு மாத்திரம் அத்தடை இருக்கவில்லை. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வருகை தந்தபோது, நாவலாசிரியர் வோல்ட்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டினால் அதே ஆடை நாட்டின் பொதுச் சின்னமாக உயர்ந்தது. குலத்துக்கொரு கட்டம் என்னும் வழக்கம் பெரும்பாலும் இக்காலத்தையொட்டியே உறுதிபெற்றது. 1842இல் இரு சகோதரர்கள், பழைய கையெழுத்துப் படியொன்றில் இருந்தவை என்று கூறிக் குலக்கட்டங்களைத் தொகுத்து வெளியிட்டனர். அப்படி பொய்யானது எனப் பின்னர் அறியப்பட்டது. ஆயினும் அதிலுள்ள கட்டங்கள் பல இன்றும் அணியப்படுகின்றன.

இனி, இத்தகைய மடிப்பாடையொன்றைப் பாட்டனிடமிருந்து பேரன் பெற்றால் நிகழ்வது யாது? ஆண்களுக்கான முழு ஆடைக்கு ஏறத்தாழ 8 யார் துணி செல்லும். முன்புறம் தட்டையாக இருக்க, துணியின் பெரும்பகுதி பின்புறத்து மடிப்புகளுள் மறைந்திருக்கும். கட்டங்களின் ஒழுங்கு மடிப்புக்கு மடிப்புத் தொடருமாறு தைப்பது கைவினைஞரின் திறமை. இடுப்பளவில் ஓரிரு அங்குல வேறுபாடாயின் வாரையும் அதன் பூட்டையும் இடம்பெயர்த்துத் தைத்தாற் போதும். வேறுபாடு மிகுமாயின் மடிப்புகளை எல்லாம் பிரித்து மீண்டும் மடிக்கவேண்டும். இல்லையேல் கட்டங்களின் ஒழுங்கு குலையும். கீழ்விளிம்பு பெரும்பாலும் நெசவின் கரையாகவே இருப்பதால் அவ்விடத்தில் நீட்டவோ குறைக்கவோ இடமில்லை. இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். ஓர் உடையின் எப்பகுதியும் எவ்விதமும் மாற்றத்தக்கதன்று. மாற்றத்துக்கு இடமளிக்கும் பகுதிகளும் உண்டு. மாற்றினால் உடையின் இயல்பே கெடும் பகுதிகளும் உண்டு. அவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு அந்த உடையைப் பற்றிய அறிவு வேண்டும். மாற்ற விரும்புபவர் மரபை நன்கு கற்கவேண்டும் என்னும் கடமை இவ்விடத்திலிருந்தே பிறக்கிறது.

3. தொடாது காத்தல்

தாயின் கருத்துக்கு வலுவான நியாயம் உண்டு. பழைய உடை ஒரு சாட்சி. எழுதத் தெரியாத, நிழற்படம் எடுத்துக்கொள்ள வசதியற்ற ஒரு தலைமுறைப் பெண்களின் கைத்திறன் தையலில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அத்தையலைப் பிரிப்பது ஒரே படியாக உள்ள ஏட்டைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். ஸ்கொத்லாந்தின் கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் சதுப்பு நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட டார்ட்டன் துண்டு 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது எனக் கணிக்கப்பட்டு, 2023இல் டண்டீ நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனை எவரேனும் வெட்டித் தைத்து உடுக்க முனைந்தால் அது குற்றமென்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயின் அத்துண்டு இப்போது உடையாக இல்லை, அது சான்றாகிவிட்டது. ஒரு பொருள் எதற்காக உள்ளது என்னும் நோக்கத்தைக் கொண்டே அப்பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. உடையின் நோக்கம் உடுக்கப்படுதல். அம்மம்மா அச்சட்டையைத் தைத்தது பெட்டியில் இருப்பதற்காக அன்று. தன் மகள் அணிவதற்காக. ஆகவே அவளுடைய தையலைக் காப்பாற்றி அவளுடைய நோக்கத்தைக் கைவிடுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே. தைத்தவளின் கைக்கு மதிப்பளிப்பவர் அவளுடைய எண்ணத்துக்கும் மதிப்பளிக்கக் கடமைப்பட்டவர்.

கரையோர மக்களின் வாழ்க்கை முறையிலேயே இதற்குச் சான்றுண்டு. இப்பகுதியில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுவதையும், வீடு சீதனமாக மகளுக்குச் செல்வதையும் அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். தாயின் வீட்டைப் பெற்ற மகள், குடும்பம் பெருகும்போது ஓர் அறையைக் கூட்டுகிறாள், அடுக்களையை இடம் மாற்றுகிறாள், கூரையைப் புதுப்பிக்கிறாள். அதனால் அவள் தாயைப் புறக்கணித்தாள் என எவரும் கூறுவதில்லை. வீட்டை இடியவிட்டவளையே ஊர் குறைகூறும். வீட்டில் ஏற்றுக்கொண்ட நியாயத்தைச் சட்டையில் மறுப்பதற்குக் காரணம், சட்டை உடலோடு ஒட்டியிருந்த பொருள் என்பதே. இறந்தவரின் உடலுக்குக் காட்டும் மரியாதை உடைக்கும் பரவுகிறது. அது இயல்பான உணர்வே. ஆயினும் உணர்வு இயல்பானது என்பதனால் மட்டும் அது தீர்ப்பாகிவிடாது.

மேலும், தொடாது வைத்தாற் பொருள் நிலைக்கும் என்னும் நம்பிக்கைக்கு உறுதியில்லை. பட்டு நெடுநாள் மடித்திருந்தால் மடிப்புவழியே இற்றுப்போகும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரின் முன் ஆடைகளைப் பற்றிப் பேசுவதே சிறுமையாகத் தோன்றக்கூடும். எனினும் வீடுகளோடு பெட்டிகளும், பெட்டிகளோடு தலைமுறைகளின் உடைமைகளும் கடலோடு போயின என்பது கரையோரத்தார் அறிந்தது. பின்னொரு நாள் உடுக்கலாம் எனக் காத்திருந்த உடைகள் அவற்றுள் எத்தனையோ இருந்திருக்கும். காலம் தன் கைவசம் உள்ளது என எண்ணியே தொடாது காத்தலை மனிதர் மேற்கொள்கின்றனர். அவ்வெண்ணத்துக்கு ஆதாரம் இல்லை.

4. உடுப்போர் உரிமை

மகளின் பக்கம் நின்று பேசும் சிந்தனையாளர் பலருளர். உலகின் பயன் உயிரோடிருப்போர்க்கே உரியது. இறந்தோர்க்கு அதன்மேல் அதிகாரமில்லை எனத் தோமஸ் ஜெபர்சன் 1789இல் ஜேம்ஸ் மடிசனுக்கு எழுதினார். 1816இல் எழுதிய மற்றொரு கடிதத்தில் அவர் உடையையே உவமையாக்கினார்: முன்னோரின் சட்டங்களுக்குள் ஒரு சமுதாயத்தை அடைத்து வைப்பது, சிறுவனாயிருந்தபோது பொருந்திய மேலங்கியை வளர்ந்த மனிதன் அணியவேண்டுமென வற்புறுத்துவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. தோமஸ் பெயினும் 1791இல், கல்லறைக்கு அப்பாலிருந்து ஆள முயல்வதை வன்மையாகக் கண்டித்தார்.

இவ்வாதத்தில் அடிப்படையான ஓர் உண்மை உண்டு. உடை உடலுக்காகவே அன்றி உடல் உடைக்காக அன்று. பழைய சட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக மகள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இது வெறும் தையற் செய்தியன்று. மரபு பொருந்தாதபோது மரபைத் தளர்த்தாமல் மனிதரை இறுக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக உண்டு. அவ்விறுக்கத்தைப் பெரும்பாலும் தாங்குபவர் பெண்கள் என்பதும் மறைக்க இயலாதது. அம்மம்மாவின் கையளவு பேத்தியின் கையளவாக இல்லாமை பேத்தியின் குற்றமன்று. பொருந்தாமையைக் குற்றமாக்காமை இவ்விடயத்தில் முதல் நீதியாகும்.

எனினும் ஜெபர்சனின் உவமை ஓரிடத்திற் குறைபடுகிறது. அவருடைய மேலங்கி ஒரே மனிதனின் மேலங்கி. சிறுவனும் அவனே, வளர்ந்தவனும் அவனே. அவன் அதனைக் களைந்து எறிந்தால் இழப்பவர் வேறொருவரும் இல்லை. மரபாக வந்த உடையோ பலர் கைமாறுவது. அதற்கு முன்னே ஒருத்தி இருந்தாள். பின்னே ஒருத்தி வரக்கூடும். சமுதாயம் என்பது வாழ்வோர், இறந்தோர், இனிப் பிறப்போர் ஆகிய மூவரின் கூட்டு என எட்மண்ட் பேர்க் 1790இல் எழுதியது இக்குறையை நிரப்புகிறது. பேர்க்கின் கருத்தைப் பழைமையைக் காப்பதற்கான கருவியாகவே பலர் கையாள்வர். உண்மையில் அக்கூட்டில் இனிப் பிறப்போரும் பங்காளர் என்பதை ஊன்றி நோக்கினால், வாழ்வோர் செய்யும் மாற்றத்தைத் தடுப்பதற்கன்றி அதனை நெறிப்படுத்துவதற்கே அது பயன்படும்.

5. தையலின் உட்புறம்

இதுவரை கூறியவற்றால், தாய் இறந்தவளின் சார்பாகவும் மகள் வாழ்பவளின் சார்பாகவும் பேசினர் என்பது பெறப்படும். இன்னும் பிறவாதவளின் சார்பாகப் பேசியவர் எவருமில்லை. அவளையும் அவையில் அமர்த்தினால் வினாவின் வடிவம் மாறுகிறது. மாற்றலாமா கூடாதா என்பது விடுபட்டு, அடுத்தவளும் மாற்றக்கூடியவாறு மாற்றுவது எவ்வாறு என்பதே வினாவாகிறது.

இதற்கான விடையை நல்ல தையற்காரர் ஏற்கெனவே அறிவர். வளரும் பிள்ளைக்குத் தைப்பவர், தையலின் உட்புறத்தில் ஓரங்குலம் துணியை வெட்டாமல் மடித்து விடுவர். கீழ்மடிப்பையும் அகலமாக விடுவர். வெளியே பார்ப்பவர்க்கு அது தெரியாது. பிள்ளை வளர்ந்ததும் பழைய தையலைப் பிரித்தால் அத்துணி வெளிவரும். தைத்தவர், தாம் தைத்த அளவு என்றும் நிலையாதென்பதை அறிந்து, பின்வரும் மாற்றத்துக்கு முன்கூட்டியே அளித்த சம்மதம் அது. அம்மம்மா தைத்த சட்டையின் உட்புறத்திலும் அவ்வாறு விட்ட துணி இருக்குமாயின், பிரித்துத் தைப்பது அவளுக்கு மாறாகச் செய்வதாகாது. அவள் எதிர்பார்த்ததைச் செய்வதாகும். ஆகவே தாயும் மகளும் தம்முள் வாதிடுமுன் சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இறந்தவரின் விருப்பத்தை அறியப் பெரும்பாலும் வழியில்லை என்பர். கைவினைப் பொருள்களில் அதற்குச் சிலவேளை வழியுண்டு.

இதே கருத்து இஸ்லாமியச் சட்ட மரபில் வக்ஃபு என்னும் அறக்கொடையில் வேறு வடிவிற் காணப்படுகிறது. அசற்பொருளை விற்காது நிறுத்திவைத்து, அதன் பயனை மாத்திரம் வழங்குதல் வக்ஃபின் அடிப்படை. அசற்பொருள் பயன்தராத நிலையை அடைந்தால் அதனை விற்று வேறொன்றை அதனிடத்தில் நிறுத்தலாமா என்பது பற்றிச் சட்டவறிஞர் நீண்ட விவாதம் நடத்தினர். ஹனபி, ஹன்பலி மரபினர் இதற்குக் கூடுதலாக இடமளித்தனர்; மாலிகி, ஷாஃபிஈ மரபினர் பெரிதும் தயங்கினர். இரு சாராரையும் இயக்கிய கவலை ஒன்றே. கொடுத்தவரின் நோக்கம் நிறைவேறவும் வேண்டும். இன்று பயன்பெறுபவர் நாளை வருபவரின் பங்கை உண்டுவிடவும் கூடாது. கல்முனைக் கடைவீதியிலே தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவரும், சட்டத்தை ஆய்ந்த அறிஞரும் ஒரே சிக்கலையே வெவ்வேறு அளவிற் கண்டனர் எனலாம்.

இவற்றிலிருந்து நெறிகள் மூன்றனைத் தொகுக்கலாம்.

முதலாவது, மாற்றம் பொருளின் நோக்கத்துக்குத் துணைசெய்ய வேண்டும். உடுப்பதற்காகச் சட்டையைப் பெருப்பிப்பது தகும். இவ்வாண்டு நாகரிகம் வேறென்பதற்காக அதன் கழுத்தை வெட்டுவது அதே தகுதியைப் பெறாது. அடுத்த ஆண்டு நாகரிகமும் மாறும். வெட்டிய துணி திரும்பாது.

இரண்டாவது, மீட்கக்கூடிய மாற்றத்தை மீட்கமுடியாத மாற்றத்துக்கு முன் நாடவேண்டும். மடித்தால் போதுமாயின் வெட்டுதல் ஆகாது. துணி போதாதவிடத்து, உள்ளதை வெட்டாமல் அக்குளின்கீழ் வேறு துண்டை இணைத்தல் நன்று. பெருத்தவளுக்காகப் பிரித்ததை மெலிந்தவளுக்காக மீண்டும் மடிக்கலாம். மெலிந்தவளுக்காக வெட்டியதைப் பெருத்தவளுக்கு மீட்டுக் கொடுக்க இயலாது.

மூன்றாவது, செய்த மாற்றத்தை மறைத்தலாகாது. 1842இல் வெளியான ஸ்கொத்லாந்துத் தொகுப்பின் குற்றம் புதிய கட்டங்களைப் படைத்தமையன்று. அவற்றைப் பழையனவென்று சொன்னமையே. புதிய கட்டமொன்றை உருவாக்க விரும்புவோர்க்கு இன்று அந்நாட்டில் வழியுண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட பதிவேட்டில் அது புதியதாகவே பதியப்படுகிறது. இணைத்த துண்டு இணைத்ததாகவே தெரியட்டும். இது அம்மம்மா தைத்தது, இது எனக்காகப் பின்னர் சேர்த்தது என்று மகள் தன் மகளுக்குச் சொல்லக்கூடுமாயின், அச்சட்டை முன்னிருந்ததைவிட அதிகமான செய்தியைத் தாங்குகிறது.

6. வெட்ட வேண்டிய வேளை

மேற்கூறிய நெறிகளை மட்டும் கொண்டால், வெட்டுதல் என்றும் தவறு என்னும் எண்ணம் எழக்கூடும். அது முழுமையன்று. கௌசாம்பி மன்னன் உதயணனுக்கும் புத்தரின் சீடர் ஆனந்தருக்கும் நிகழ்ந்த உரையாடலொன்று பௌத்த விநய நூலான சுள்ளவக்கத்திற் பதிவாகியுள்ளது. அரண்மனைப் பெண்டிர் ஐந்நூறு ஆடைகளை ஆனந்தருக்கு அளித்தனர். இத்தனை ஆடைகளை ஒரு துறவி என்செய்வார் என்று மன்னன் வினவினான். கந்தலுடுத்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பதாக ஆனந்தர் கூறினார். அவர்களுடைய பழைய ஆடைகள் மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்புகள் மெத்தை உறையாகும். அவை தரைவிரிப்பாகவும், பின்னர் கால்துடைக்கும் துணியாகவும், பின்னர் தூசிதட்டும் துணியாகவும் மாறும். இறுதியிற் கிழித்து மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசப்படும். மன்னன் மனநிறைவுற்று மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான். இங்கு ஆடை என்னும் வடிவம் படிப்படியாக அழிகிறது. கொடையோ எந்தப் படியிலும் வீணாகவில்லை.

கிழக்கிலங்கைத் தாய்மாரும் இதனை அறிவர். இற்றுப்போன நூற்சேலை பிள்ளையின் ஏணையாகிறது. ஏணை கிழிந்தால் பிள்ளையைத் துடைக்கும் துணியாகிறது. அதனை எவரும் மரபழிப்பாகக் கொள்வதில்லை. நோக்கம் நிறைவேறிய பின்னர் வெட்டுவதற்கும், நோக்கம் நிறைவேறுமுன் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியமானது.

படைப்பின் பொருட்டு வெட்டுதலும் உண்டு. தென்னிந்தியாவில் நெய்யப்பட்டு மெட்ராஸ் என்னும் பெயராற் கடல்கடந்து சென்ற கட்டத்துணி, நைஜீரியாவின் நைகர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களிடம் பெருமதிப்புப் பெற்றது. அப்பெண்கள் அதனை உள்ளவாறே உடுப்பதில் நிறைவடையவில்லை. கூரிய கத்தியாற் குறித்த சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, கட்டத்தினுள்ளே புதிய உருவங்களைத் தோற்றுவித்தனர். அவ்வாறு இழையறுத்த துணி குடும்பத்தின் சொத்தாகப் பெட்டிகளிற் காக்கப்பட்டு, மூத்தோர் இறந்தபோது சடங்குக்காக வெளியே எடுக்கப்படுகிறது. இதுபற்றி ஜோவான் ஐக்கரும் டோன்யே எரெக்கோசிமாவும் 1981இல் எழுதியுள்ளனர். பிறர் நெய்த துணியை இழைகளை நீக்குவதனாலேயே தமதாக்கிக்கொண்டனர் அம்மக்கள். ஓர் இழையைத் தவறி அறுத்தால் மீட்க இயலாது. ஆகையால் எதனை எடுப்பது, எதனை விடுவது என்பதில் அவர்கள் மிகுந்த கருத்தோடிருந்தனர். மீட்கமுடியாத மாற்றத்தைச் செய்ய உரிமை கொண்டாடுபவரிடம் எதிர்பார்க்க வேண்டிய கருத்து இதுவே.

இவற்றினும் கடினமான நிலை ஒன்றுண்டு. ஒரே கூறைச் சேலை. உரிமையுடைய மகளிர் இருவர். துணியென்று நோக்கினால் அது பங்கிடத்தக்கது; ஆளுக்கு மூன்று யார் கிடைக்கும். உடையென்று நோக்கினால் பங்கிட்ட பின்னர் அது சேலையே அன்று. நினைவுப்பொருளென்று நோக்கினால் ஒருசாண் கரையே இருவருக்கும் போதும். வெட்டலாமா என்னும் வினாவுக்கு விடைகூறுமுன், இவ்விருவரும் அதனை எதுவாகக் கருதுகின்றனர் என்பது தெளியவேண்டும். உடையாகக் கருதுபவராயின், வெட்டாமல் முறைவைத்து உடுத்தலே நீதி. அது ஒருவர்மீதொருவர் நம்பிக்கை கொள்ளுமாறு வேண்டுவதால் வெட்டுவதைவிடக் கடினமானது. சம பங்கு என்பது எப்போதும் சம துண்டு என்று பொருள்படாது.

7. முடிவு

மரம் மரமாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பலா என ஏதன்ஸ் நகரத்துச் சிந்தனையாளர் வாதிட்டதைப் புளூட்டாக் எழுதினார். அகற்றிய பழைய மரங்களை எவரேனும் சேர்த்து மற்றொரு கப்பலைக் கட்டினால் எது உண்மையானது எனத் தோமஸ் ஹொப்ஸ் 1655இல் வினவினார். உடையைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு நடைமுறையில் ஒரு விடை உண்டு. கப்பலைக் கரையில் நின்று பார்ப்பவருக்கு அது அதே பொருளா என்பதே சிக்கல். உடையைப் பெறுபவரோ பார்வையாளர் அல்லர், உறவினர். அவருக்கு முதன்மையானது, கொடுத்தவருக்கும் தமக்கும் இடையே உள்ள தொடர்ச்சி. பொருள் சற்றும் மாறாதிருந்தும் அத்தொடர்ச்சி அறுந்துபோகலாம். பொருள் பெரிதும் மாறியும் அது நிலைத்து நிற்கலாம்.

உடைக்குக் கூறிய இந்நியாயம் மொழிக்கும், சடங்குக்கும், கல்விக்கும் ஒவ்வும். முன்னோர் தந்தவற்றை மாற்றவே கூடாதென்பவர், தந்தவரின் நோக்கத்தை மறக்கின்றனர். எவ்வாறும் மாற்றலாம் என்பவர், தாமும் ஒருநாள் முன்னோராவர் என்பதை மறக்கின்றனர். தாம் பெற்றதைத் தமக்குப் பொருந்துமாறு திருத்திக்கொள்வதற்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிமையுண்டு. அவ்வாறு திருத்தும்போது, தம் அளவும் இறுதியானதன்று என்பதை ஏற்று, அடுத்து வருபவருக்காகத் தையலின் உட்புறத்திற் சிறிது துணியை விட்டுவைக்கும் கடமையும் உண்டு. இவ்வுரிமையும் இக்கடமையும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா. தமக்கு முன்னிருந்தவர் அவ்வாறு விட்டுவைக்கவில்லை என முறையிடுவோர் பலராயினும், அக்குறை தம் கையாலும் தொடராதிருக்கச் செய்வது அவர்களால் இயலும்.